கடைசி வரிசையில் ரத்தம் பட்ட ஒரே வாள்

ரோம் நிற்பது ஏழு குன்றுகளின் மேல் அல்ல, கடைசி வரிசையில் மண்டியிட்டிருக்கும் வீரனின் முழங்கால் மேல். கல்லில் வெட்டப்போகும் வாசகத்தின் முதல் வரி இது என்று சற்று முன் நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள், எழுத்தரே. நகரமன்றத்தார் எல்லோரும் கூடி உட்கார்ந்து எழுதியதாகச் சொன்னீர்கள். கேட்டாலே தெரிகிறது. அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அதன் மேல் எதையும் நிற்க வைக்க முடியாது. மழை பிடித்துக்கொண்டால் நானே நிற்க முடிவதில்லை. பூண்டை நசுக்கி ஆட்டுக் கொழுப்பில் குழைத்துக் கட்டினால் கொஞ்சம் தேவலை.

உட்காருங்கள். ஆலிவ் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வருடத்துக் காய் கொஞ்சம் கசக்கும். வாசகத்தில் பிழை இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும், வெட்டிய பிறகு கல்லைத் திருத்த முடியாது என்றீர்கள். பிழை இருக்கிறது, இரண்டாவது வரியில். "களத்தை விட்டு ஓடிய கோழையை, சொந்த மைத்துனன் என்றும் பாராமல், தன் வாளால் தடுத்து வரிசையைக் காத்த ஸ்பூரியஸ் ஓர்பியஸ்." என் பெயர் சரி. மைத்துனன் என்பதும் சரி. வாளும் என்னுடையதுதான். மற்றதைச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஊரில் எங்களைப் பற்றிப் பெரிய நினைப்பு. படையில் முதல் வரிசை இளவட்டங்கள். இரண்டாவது வரிசை, உடம்பில் வலுவும் தலையில் புத்தியும் ஒரே சமயத்தில் இருக்கும் வயதுக்காரர்கள். மூன்றாவது நாங்கள், திரியாரிகள். நிலபுலன் உள்ளவர்கள், காதோரம் நரைத்தவர்கள், இரும்பு வளையம் கோத்த சட்டை போட்டுக்கொள்ள வசதி உள்ளவர்கள். முன்னால் உள்ளவர்கள் சண்டை போடுவார்கள். நாங்கள் இடது காலை முன்னால் வைத்து, வலது முழங்காலை மண்ணில் ஊன்றி, கேடயத்தைத் தோளில் சாய்த்து, ஈட்டியைச் சாய்வாக நட்டுக்கொண்டு காத்திருப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் வேலி போலத் தெரியும். முன் வரிசைகள் இரண்டும் தோற்றால்தான் வேலி எழுந்து நடக்கும். நான் அந்த வரிசையில் இருந்த ஏழு போரிலும் அது எழவில்லை. ஆகவே எங்கள் வீரத்தை யாரும் பார்த்ததில்லை. பார்க்காத பொருளின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஜெயித்துத் திரும்பும்போதெல்லாம் பெண்கள் எங்கள் மேல்தான் முதலில் பூ போடுவார்கள். சட்டை பளபளவென்று இருக்கும். அழுக்காக வழியில்லை.

அன்றைக்கு மட்டும் ஒரு வித்தியாசம். எங்கள் வரிசையில் ரத்தம் பட்ட வாள் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்றுதான்.

கைசோ என் மனைவி ரூப்ரியாவின் தம்பி. எங்களுக்கு மணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். இழவுக்குப் போன ரூப்ரியா திரும்பி வரும்போது ஒரு கையில் துணி மூட்டையும் மறு கையில் எட்டு வயதுப் பையனுமாக வாசலில் நின்றாள். "இவன் இனிமே இங்கதான் இருப்பான்" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை, அறிவித்த மாதிரி இருந்தது. பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவள் அதற்காக ஏங்கியதாகவும் நினைவில்லை. அவளுக்குத்தான் இருந்ததே. பதினெட்டு வருடம் அவன் எங்கள் வீட்டில் வளர்ந்தான். நெடுநெடுவென்று உயர்ந்து, நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை.

அந்தப் போருக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே படையில் போனோம். அவன் இரண்டாவது வரிசை, நான் மூன்றாவது. வடக்கே, படுஸ் ஆற்றுச் சமவெளியில், காலியர்களோடு சண்டை. மண்டையைப் பிளக்கும் வெயில். அன்று காலை கூழும் பன்றிக்கொழுப்பும் வயிறு முட்டச் சாப்பிட்டு, புளித்த மதுவில் தண்ணீர் கலந்து குடித்துவிட்டு நான் காலில் தகடு கட்டிக்கொண்டிருந்தேன். கைசோ வந்து நின்றான்.

"என்ன அத்தான், இன்னிக்கும் முட்டிதானா?"

"ஆமாடா. உனக்கு எங்க வலிக்குது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. போன சண்டையில உங்க ஆளு ஒருத்தரு ஈட்டியில அவரைக்கொடி ஏறிடுச்சாமே. பேசிக்கிட்டாங்க."

என் பக்கத்து ஆள் வொலேரோ. என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "டேய், நாங்க எழுந்தா பூமி அதிரும், தெரியும்ல?"

"எழுந்தாதானே மாமா" என்றான் கைசோ.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வொலேரோவும் சிரித்துவிட்டார். கைசோ குனிந்து என் காலில் தகட்டின் வாரை இறுக்கிக் கட்டிவிட்டான். எங்களுக்கு முன்னால் வைக்கிற காலுக்கு மட்டும்தான் வெண்கலத் தகடு. "வலது கால் பாவம் அத்தான். மாற்றாந்தாய் பிள்ளை மாதிரி நிக்குது" என்றான். பிறகு அவன் வரிசைக்குப் போனான். அவனுக்குச் சட்டை கிடையாது. மார்பில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரத் தகடு ஒன்று, அவ்வளவுதான்.

இனி, அன்று நான் சொன்னதை முதலில் சொல்கிறேன். நடந்ததைப் பிறகு சொல்கிறேன். எனக்கும் எல்லாம் தெரிய வந்தது அந்த வரிசையில்தான்.

உச்சி வெயிலில் எங்கள் நூற்றுவர் தலைவன் என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். கைசோ தரையில் கிடந்தான். நான் சொன்னது மூன்று வாக்கியம். "ஓடி வந்தான். வரிசையை உடைக்கப் பார்த்தான். நிறுத்தினேன்." யோசித்துச் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன், அவை தயாராக இருந்தன. தலைவன் கைசோவின் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் தோளில் தட்டிக் கொடுத்தான். "இவன் உன் சம்சாரத்தோட தம்பியில்ல?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கண் கலங்கியது. என்னை நினைத்துத்தான்.

போர் வழக்கம் போல முன் வரிசைகளிலேயே முடிந்தது. ஜெயித்தோம். ஒரு நாழிகை கழித்து, குதிரைகளுக்குக் காவல் இருந்த ஒருவன் வந்து வொலேரோவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நெட்டையாக ஒரு பையன், தொடையில் ஈட்டி பாய்ந்த கூட்டாளியை முதுகில் சுமந்துகொண்டு பின்னால் வந்தானாம். குதிரைகளின் நிழலில் அவனைக் கிடத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, "எங்க ஆளுங்க தேடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனானாம். சண்டை நடக்கும் பக்கமாக. தொடையில் அடிபட்டவன் பேச்சு மூச்சில்லாமல் சாயங்காலமே செத்துப் போனான். சுமந்து வந்த பையன் யார் என்று குதிரைக்காவல்காரனுக்குத் தெரியாது. வொலேரோ என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, துணைத்தளபதி விசாரிக்க வந்தபோது எனக்குத் தெரியும். மூன்று வாக்கியத்தை முதல் தடவை தெரியாமல் சொன்னேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை அப்படி வைத்துக்கொள்ள இடமில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று கேட்டார். முன்னாலிருந்து என்று கையைக் காட்டினேன். உடலைப் புரட்டிப் பார்த்தார்கள். முதுகெல்லாம் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. "ஓடினவன் முதுகு" என்றார் துணைத்தளபதி. அது சுமக்கப்பட்டவனின் ரத்தம். தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் அடியில் ஒரு கீறல்கூட இல்லாத முதுகு வெளிப்பட்டிருக்கும். நான் நெருங்கிய சொந்தம் என்பதால், கழுவி எரியூட்ட விருப்பமா என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார். "ஓடினவனுக்கு எதுக்குங்க அதெல்லாம்? மத்த கோழைங்களுக்கு என்ன உண்டோ அதேதான் இவனுக்கும்" என்றேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் அமைதியாகிவிட்டார்கள். அப்படி ஓர் அமைதியை நான் கோவிலில்கூடப் பார்த்ததில்லை. கோழைகளுக்கு நெருப்பு கிடையாது. ஆற்றோரம் கிடத்திவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் போனால் தளர்ந்துவிட்டதாக நினைப்பார்கள்.

மறுநாள் படை முழுவதையும் கூட்டி என்னை முன்னால் அழைத்தார்கள். எதிரியை வீழ்த்திய காலாள் வீரனுக்கு வெள்ளிக் கிண்ணம் தருவது வழக்கம். நான் வீழ்த்தியது எதிரியா என்று கொஞ்சம் குழப்பம் இருந்ததாகவும், "ஒழுங்கின் எதிரி" என்று யாரோ ஒரு சொல் கண்டுபிடித்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். பேச்சு நீளமாக இருந்தது. அதில் மூதாதையர் நிறைய வந்தார்கள். நான் தலையைக் குனிந்தபடி கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அடக்கம் என்றார்கள்.

ஊர் திரும்பியபோது ரூப்ரியா வாசலில் நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். "அவன் எங்கே?" என்றாள். அவளுக்கும் அதே மூன்று வாக்கியம்தான் சொன்னேன், கொஞ்சம் மென்மையாக. அவள் அழவில்லை. ஓடினவனுக்காக அழக் கூடாது. கொஞ்ச நேரம் நிலைப்படியின் மேல்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கூழ் ஆறிடும், வாங்க" என்றாள்.

பரிசாக வந்த பொருளை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். கிண்ணத்தை முன்கூடத்தில் வைத்தோம். வெள்ளி கறுக்கும், சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தது ரூப்ரியா. வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, "அம்மா, எப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கீங்க" என்பார்கள். அவள், "ஆமாங்க" என்பாள்.

பிப்ரவரியில் இறந்தவர்களுக்கான நாட்கள் வரும், உங்களுக்குத் தெரியாததல்ல. மதுவில் நனைத்த ரொட்டி, ஒரு பிடி உப்பு, ஊதாப்பூ, எல்லாவற்றையும் ஓட்டுச்சில்லில் வைத்துக் கல்லறைக்கு எடுத்துப் போவாள். அப்பா பெயரைச் சொல்லி ஒன்று, அம்மா பெயரைச் சொல்லி ஒன்று. கோழையின் பெயரை அங்கே சொல்ல முடியாது. ஆனாலும் மூன்றாவதாக ஒரு ரொட்டித் துண்டை நனைத்துத்தான் எடுத்துப் போவாள், அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். வந்ததும் என்னிடம் கேட்பாள்.

"அவன் ஓடினானா?"

"ஓடினான்."

"சும்மா நடந்தாலே கால் தடுக்குமேங்க அவனுக்கு. அவன் எப்படி ஓடியிருப்பான்?"

"பயம் வந்தா எல்லாரும் ஓடுவாங்க."

"வீட்டுல பாம்பு வந்தப்பகூட எழுந்திருக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு, அது பாட்டுக்குப் போகட்டும்னானே..."

அவள் மூன்றாவது துண்டைக் கோழிகளுக்குப் போடுவாள். பத்து பிப்ரவரி இப்படிப் போயிற்று. பத்துத் தடவை கேட்டாள், பத்துத் தடவை சொன்னேன். ஒரு தடவைகூட நான் குரலை உயர்த்தியதில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் நெஞ்சில் இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள்.

"நான் போறேங்க. அங்க அப்பாவும் அம்மாவும் இருப்பாங்க. கைசோவை எங்கம்மான்னு கேப்பாங்க. என்கிட்ட ஒப்படைச்ச பிள்ளை. என்ன சொல்லட்டும்?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. படையிலிருந்து நான் விலகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எந்தத் தளபதியும் என்னை எதுவும் செய்ய முடியாது. ஒரு சொல் போதும். அவள் கேட்டதும் அதைத்தான். சாகப்போகிறவளைக் குழப்பக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருடம் பழகிவிட்ட ஒன்றைக் கடைசி நாளில் பிடுங்குவது இரக்கமில்லாத காரியம் என்று நினைத்தேன். இப்போதும் அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

"ஓடினான்னு சொல்லு" என்றேன்.

"சரிங்க" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது, போர்வையை இழுத்து விடச் சொல்லி மட்டும்தான். மறுநாள் மதியத்துக்கு முன் போய்விட்டாள். அவள் சாம்பலை அவளுடைய அப்பா அம்மா இருக்கும் கல்லறையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு மாடம் காலியாக இருக்கிறது. எனக்கென்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பிப்ரவரியில் நான்தான் ரொட்டி எடுத்துப் போனேன். எத்தனை துண்டு நனைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேண்டியது இதுதான், எழுத்தரே. கழுதைச் சந்தையில் நிறுத்தப்போகிற அந்தக் கல் வேண்டாம். அந்த மாடத்தின் மேல் கைசோ ரூப்ரியஸ் என்று பெயர் வெட்ட வேண்டும். உள்ளே வைக்க அவனுடையது எதுவும் இல்லை, பெயர் மட்டும்தான். கோழைக்குக் கல்லறையில் பெயர் கிடையாது என்று மன்றத்தார் சொல்வார்கள். அவன் ஓடவில்லை என்று நேரில் கண்ட ஒருவர் சாட்சி சொன்னால் தடை இல்லை. சாட்சி நான்தான். ஓடாதவனை ஏன் குத்தினாய் என்று கேட்பார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வரிசைகளுக்கு நடுவே ஆட்கள் போய் வர இடைவெளி விட்டிருக்கும். அதன் ஓரத்து ஆள் நான். அடிபட்டவனைக் கிடத்திவிட்டு கைசோ அந்த இடைவெளி வழியாகச் சண்டைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து எங்கள் தலைவன் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்தான். எதிரிக்கு முன்னால் காவலில் தூங்குகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பது படையில் எல்லோருக்கும் தெரியும். துணைத்தளபதி கோலால் ஒரு தொடு தொடுவார். அதற்குப் பிறகு கூடாரத்துக் கூட்டாளிகளே கம்பாலும் கல்லாலும் அடித்துக் கொல்வார்கள். கைசோ தலைவனைப் பார்த்தானாம், என்னைப் பார்த்தானாம்; வொலேரோ பிறகு சொன்னது. அவன் பாட்டுக்குப் போயிருக்கலாம். நின்று, குனிந்து, என் தோளைப் பிடித்து உலுக்கினான். "அத்தான், எந்திரிங்க. ஆளு வர்றாரு" என்றான்.

கண்ணைத் திறந்தபோது வெயிலை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய தலை. கை தானாக வாளை உருவியது. நல்ல பயிற்சி எங்களுக்கு. அவனுடைய மார்புத் தகட்டுக்குக் கீழே இறங்கியது. அவன் கோபப்படவில்லை. "நான்தான் அத்தான்" என்றான். நான் ஆளைத் தெரியாமல் திகைக்கிறேன் என்று நினைத்து, அறிமுகப்படுத்திக்கொள்கிறவன் மாதிரிச் சொன்னான்.

தூங்கியதைச் சொல்லியிருந்தால் என்னை அடித்தே கொன்றிருப்பார்கள். ஆகவே படையில் இருந்த கடைசி இரண்டு வருடமும் நான் வாயைத் திறக்காததற்குப் பயம்தான் காரணம். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ரூப்ரியாவிடம் சொல்லாததற்குப் பயம் காரணமில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரியும். தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் பத்து நாள் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள், பதினோராம் நாள் கூழ் ஊற்றியிருப்பாள். ஆனால் அவன் எப்படி உங்களைக் கண்டுபிடித்தான் என்று கேட்பாள். அறுபது பேர் ஒரே மாதிரித் தலைக்கவசம் போட்டுத் தலையைத் தொங்கப்போட்டிருக்கும்போது, போகிற போக்கில் அத்தான் யார் என்று எப்படித் தெரிந்தது என்று கட்டாயம் கேட்பாள்.

அதற்கான பதிலைச் சண்டைக்கு மறுநாள் கூழ் குடிக்கும்போது வொலேரோ என்னிடம் சொன்னார், யாருக்கும் கேட்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே. "நாங்களே எழுப்பியிருக்கணும்ப்பா. வேடிக்கையா இருக்கேன்னு விட்டுட்டோம். எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தோம். அதனாலதான் யாரும் வாயைத் திறக்கல." ரூப்ரியாவும் அதைக் கேட்டால் அழுவதற்கு முன்னால் ஒரு கணம் சிரித்துவிடுவாள் என்று தோன்றியது. அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.